எந்தக் குமாரன் வந்தாலும்

ஐந்தருவி ரோடு, குற்றாலம்
8-12-1958, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான குமாரன் சற்குணத்துக்கு அப்பா அருமைநாயகம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவால் நல்ல சுகம், அங்கே காரக்பூரில் நீயும் உடம்பில் சுகத்தோடும் மனசில் சமாதானத்தோடும் இருக்க அவரையே கேட்டுக்கொள்கிறோம். கவரின்மேல் என் கையெழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். பதறாதே, லேயாள் அம்மாள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், இப்போதுகூட அடுக்களையிலிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்து, எழுத ஆரம்பிச்சாச்சா, இல்ல பேனாவையே பாத்துக்கிட்டு இருக்கியளா என்று கேட்டுவிட்டாள். ஆறு வருஷமாக மாதம் தவறாமல் உனக்கு எழுதியவள் அவள்தான், அடியில் அப்பாவின் ஆசீர்வாதம் என்ற இரண்டு வார்த்தையைக்கூட நான் அவள் கையாலேயே எழுத வைத்தேன். நீ வீட்டை விட்டுப் போனதற்குக் காரணமான வாட்ச் அந்த மாதமே கிடைத்துவிட்டது என்று அவள் உனக்கு எழுதினாள். அதற்கு நீ போட்ட கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, இதற்கு மட்டும் "அதை அப்பா எழுதட்டும்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத எனக்கு ஆறு வருஷம் பிடித்திருக்கிறது. இப்போதும் நானாக மனம் திரும்பி எழுதவில்லை, ஒரு துண்டுச் சீட்டு என்னை எழுத வைத்திருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், இங்கே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

முதலில் வீட்டுச் சமாசாரம், இல்லாவிட்டால் அம்மா சண்டைக்கு வருவாள். ஐப்பசி முழுக்க மழை, கார்த்திகையிலும் விட்டபாடில்லை. பேரருவி செம்மண் நிறத்தில் கொட்டுகிறது, பத்து நாளாக யாரையும் குளிக்க விடவில்லை, ஐந்தருவி ஐந்தும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. சீசன் இல்லாத நாள் ஆனபடியால் கடைகள் சாத்திக் கிடக்கின்றன, கொடுப்பார் இல்லாமல் குரங்குகள் நம் அடுக்களை ஓட்டைப் பிரிக்கின்றன, முந்தாநாள் அம்மா வைத்திருந்த கருப்பட்டியை ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது, அதற்கு அவள் கொடுத்த சாபத்தை இங்கே எழுத முடியாது. உன் தங்கை மரியநேசம் பாவூர்சத்திரத்தில் சுகம், புரட்டாசிக் கடைசியில் பிறந்த பெண்பிள்ளை தலை நிற்கத் தொடங்கிவிட்டதாம். நிறம் அவர்கள் வீடு, மூக்கு மட்டும் நம் வீட்டு மூக்கு, பாவம் அந்தப் பிள்ளை. மாமன் எப்போது வந்து பார்ப்பான் என்று நேசம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், நான் காது கேளாதவன் போல் இருந்துவிடுவேன்.

இனி அந்தச் சீட்டு. நம் கோவிலில் வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பது உனக்கு நினைவிருக்கும், ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதிப் போட்டால் ஆராதனையில் உபதேசியார் எடுத்து வாசிப்பார், சபையார் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். உனக்காக ஒரு சீட்டு போட்டால் என்ன என்று உன் அம்மா ஆறு வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தாள். நான்தான் தடுத்தேன். நம் வீட்டு விஷயம் ஊர் வாயில் விழவேண்டாம் என்று வெளியே சொன்னேன், உள்ளே இருந்தது வேறே, உன் பெயரை எழுதினால் நீ ஏன் போனாய் என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்கு நான் பதில் சொல்லவேண்டும். போன மாதம் 30ஆம் தேதி அட்வெந்து முதல் ஞாயிறு, கிறிஸ்மசுக்கு ஆயத்தப்படும் நாட்களின் தொடக்கம். காலையில் உன் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வாயைத் திறந்திருந்தால் நானும் பதிலுக்குப் பேசிச் சமாளித்திருப்பேன், பேசாமல் போனதால் வேறு வழியில்லாமல் எழுதினேன். பெயர் போடவில்லை, யாருடைய மகன் என்றும் சொல்லவில்லை. கோவிலில் வாசிக்கப்போகிற சீட்டு அல்லவா, மகன் வரவேண்டும் என்று சாதாரணமாக எழுதக் கை வரவில்லை, வேதப் பாஷையில் மரியாதையாக இருக்கட்டும் என்று "குமாரனுடைய வருகை சீக்கிரமாய் நேரிட ஜெபிக்கவும், இப்படிக்கு, காத்திருக்கிற ஒரு பாவி" என்று எழுதி நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன்.

இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை, யோவேல் உபதேசியார் அதைப் பிரித்து வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவரைக்கும் புரியவில்லை. அவர் அன்றைக்குக் கோவில் ஓடு மாற்றுகிற விஷயம் பேச வந்தவர், அதற்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். இந்தப் பெட்டியில் காய்ச்சலுக்குச் சீட்டு வந்திருக்கிறது, பரீட்சைக்கு வந்திருக்கிறது, கறவை வற்றின மாட்டுக்கு வந்திருக்கிறது, நான் ஊழியத்துக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் மனுஷகுமாரனாகிய நம் ஆண்டவர் திரும்ப வரவேண்டும் என்று கேட்டு வந்த முதல் சீட்டு இதுதான் என்றார். பெயர் இல்லையே தவிர என் எழுத்து அவருக்குத் தெரியாதா, ஆராதனைப் பாட்டு நம்பரைப் பலகையில் எழுதுகிறவனே நான்தானே. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பங்களாவைக் காவல் காக்கிறவருக்குத்தான் இந்த ஆசை வரும், முதலாளி சொல்லாமல் வந்தாலும் அங்கே மெத்தை உதறியிருக்கும், விளக்குக்கு எண்ணெய் இருக்கும், காத்திருக்கிறது என்றால் என்ன என்று அவரைப் பார்த்துப் படியுங்கள் என்று என் பக்கம் கை நீட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து, ஐயா நான் கேட்டது என் மகனை என்று சொல்லவேண்டிய நேரம் அது, நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அவர்கள் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு சபை முழுவதும் முழங்காலில் நின்று ஆண்டவரே வாரும் என்று அப்படி ஒரு ஜெபம். நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல் சத்தம், உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அந்த வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. திங்கட்கிழமை மாசிலாமணி எட்டு வருஷத்துக்கு முன் கோவில் அசன விருந்தில் சாப்பாடு ஆக்கிவிட்டு எடுத்துப்போன சபை அண்டாவைத் தலையில் சுமந்துகொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்தான், ஏதாவது தரிசனம் கண்டிருக்கியளா அண்ணாச்சி, நாள் தெரிஞ்சா சொல்லுங்க என்று ரகசியமாகக் கேட்டான். ரோட்டு முக்கில் காப்பிக்கடை வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள், ஒங்க சாமி வாராராமே அண்ணாச்சி, சீசனுக்கு வாராரா, அதுக்கு முந்தியேவா என்று விசாரித்தார். அவர் கேலி பண்ணவில்லை, இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் சீசனுக்குத்தானே வருகிறார்கள். தென்காசியிலிருந்து சேலை கொண்டுவரும் ஹாஜரா பீவிகூட அம்மாவிடம், ஈஸா நபி திரும்ப வருவாங்கன்னு எங்களுக்கும் சொல்லியிருக்கு லேயாளு, வாறது வரட்டும், நல்லதுதானே என்றாளாம். நான் ஒரு மகனைக் கேட்டு, மூன்று மார்க்கத்தாரையும் வாசலைப் பார்க்க வைத்துவிட்டேன். எனக்கோ வெளியே தலைகாட்ட வெட்கம், இந்த விளையாட்டுக்குக் காரணம் நீதான் என்று உன் அம்மாமேல் எரிந்து விழுந்தேன்.

அவள் கோபப்படவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள், "நீங்க ஒரு குமாரனைக் கேட்டிய, அவங்க வேற குமாரனைக் கேட்டுட்டாங்க. எந்தக் குமாரன் வந்தாலும் வீட்டைக் கூட்டித்தானே வைக்கணும். கூட்டி வச்சிருக்கமா?" என்றாள். இவ்வளவுதான் கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. நான் அப்போதுதான் பங்களாவில் மெத்தைகளின் ஈரம் போகக் கரிச்சட்டி மூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். முதலாளி முன்கூட்டி ஒரு கார்டு போட்டு வருகிறவர் இல்லை, இத்தனை வருஷத்தில் சீசன் அல்லாத நாளில் இரண்டே தரம்தான் வந்திருக்கிறார், ஆனாலும் ஒரு நாள் நான் கொசுவலையைத் தட்டாமல் விட்டதில்லை, பானையில் தண்ணீர் மாற்றாமல் விட்டதில்லை. இந்தப் பக்கம் என் சொந்த வீட்டில் உன் கயிற்றுக்கட்டில் ஆறு வருஷமாகப் பரணில் கிடந்தது, நான்தான் ஏற்றினேன், கண்ணில் படக்கூடாது என்று ஏற்றினேன். அதன் பின்னால் உன் தகரப்பெட்டி. நீ ஒரு துணிப்பையோடு போனாய், பெட்டியை விட்டுவிட்டுப் போனாய்.

அன்றைக்கே இரண்டையும் இறக்கினேன். பெட்டி முன்னால் கீழே உட்கார்ந்துவிட்டேன். சற்குணம், நடந்ததை நான் எழுதவேண்டும் என்று நீ கேட்டாய், எழுதுகிறேன். ஆடி மாதம், பங்களா நிறைய ஆட்கள், முதலாளியின் மருமகன் அருவிக்குப் போய் வந்து தன் வாட்ச்சைக் காணவில்லை என்றார். உன்மேல் ஒருவரும் பழி சொல்லவில்லை. ஒருவரும் உன்னைப் பார்க்கக்கூட இல்லை. நானாகத்தான், என் நாணயத்தைக் காட்டிக்கொள்ள வேண்டி, முதலில் என் வீட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று உன் பெட்டியைத் தூக்கிவந்து அத்தனை பேர் முன்னால் முற்றத்தில் வைத்தேன். நீ மறுத்துப் பேசவில்லை. "சாவி உள்ள இருக்கு, எடுத்துட்டு வாரேன், ஒரு நிமிஷம் பொறுங்கப்பா" என்றாய். நான் பொறுக்கவில்லை, கடப்பாரையால் நெம்பிக் கொண்டியை உடைத்தேன். நீ சாவியோடு வாசலுக்கு வரும்போது உன் சட்டைகளை நான் ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தேன். நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. பெட்டியில் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் அவரிடமிருந்து கார்டு வந்தது, வாட்ச் அவர் காரின் இருக்கை இடுக்கிலேயே கிடந்ததாம், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். அந்நியர் மன்னிப்புக் கேட்டுவிட்டார், பெற்றவன் கேட்கவில்லை. நீ அதற்கு மூன்று நாள் முன்னமே ரயில் ஏறிவிட்டாய். நான் செய்தது அநியாயம், மகனே. எனக்கு உன்மேல் சந்தேகம் இருந்ததா என்று ராத்திரியும் பகலும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், சந்தேகம் துளிகூட இல்லை, என் நல்ல பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது, அதுதான் உண்மை, இது சந்தேகத்தைவிட மோசம். என்னை மன்னித்துக்கொள். ஆண்டவர் எந்த வேளை வந்தாலும் காத்திருப்பேன் என்று இத்தனை வயசுக்கும் ஜெபம் சொல்லுகிற நான், நீ ஒரு சாவி எடுத்து வருகிறவரைக்கும் காத்திருக்கவில்லை.

இன்னொன்றும் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. மகன் வருவான் என்று நான் காத்திருப்பதாகவே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கொண்டும் இருந்தேன். அப்பா எழுதட்டும் என்று சொல்லிவிட்டு அங்கே தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நீ. காத்திருந்தது நீ, காக்க வைத்தது நான். ஆண்டவர் காரியமும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றுகிறது, அவர் வரவில்லை வரவில்லை என்று நாம் வாசலைப் பார்க்கிறோம், அவர் நம்மிடமிருந்து ஒரு வரிக்காகக் காத்திருக்கிறார் போலும். இதை உபதேசியாரிடம் சொல்லிவிடாதே, அதையும் பிரசங்கம் ஆக்கிவிடுவார்.

நேற்று இரண்டாம் ஞாயிறு. வேறு சீட்டு எழுதினேன், இந்தத் தடவை பேனாவால். "என் குமாரன் சற்குணம் வீடு திரும்ப ஜெபிக்கவும். அவன் பெட்டியை நியாயமில்லாமல் உடைத்த தகப்பன் அருமைநாயகம்" என்று முழுப் பெயரும் போட்டேன். உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார், முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. சீட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, அப்போ போன வாரம் நான் தப்பா வாசிச்சுட்டேனா அண்ணாச்சி என்றார். நான் எழுந்து நின்றேன், இல்ல ஐயா, நீங்க சரியாத்தான் வாசிச்சிய, நான்தான் தப்பா எழுதிட்டேன் என்றேன். முதலில் சிரித்தது மாசிலாமணி, அண்டா போய்விட்டதே என்ற ஆதங்கமாக இருக்கும், பிறகு கோவிலே சிரித்தது, உபதேசியாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும் அவர், கேட்டதைத் திரும்ப வாங்கவேண்டாம், அவரும் வரட்டும், இவனும் வரட்டும் என்று சொல்லி இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜெபமாக ஏறெடுத்தார். கடைசியில் எல்லாரும் சொன்ன ஆமென் ரோடுவரை கேட்டதாம், சிவனணைந்தபெருமாள் சொன்னார். உடைத்த பெட்டியைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் துருவிக் கேட்கவில்லை. எந்தக் கேள்விக்குப் பயந்து ஆறு வருஷம் வாயை மூடினேனோ அந்தக் கேள்வி வரவே இல்லை.

நீ வரத்தான் வேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை, அதற்கு எனக்கு முகமில்லை. லீவு கிடைத்தால், மனசும் இடம் கொடுத்தால், இந்தக் கிறிஸ்மசுக்கு வா, இல்லாவிட்டால் அடுத்த மாதம் வா, அதற்கும் முடியாவிட்டால் ஆனி ஆடியில் சாரல் விழும்போது வா. மதராஸிலிருந்து வருகிற ரயிலில் தென்காசியில் இறங்கினால் குற்றாலத்துக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது. உன் கட்டிலுக்கு நேற்று முன்தினம் புதுக்கயிறு போட்டுப் பின்னிவிட்டேன், ஈரம் ஏறாதபடி தினமும் கரிச்சட்டி காட்டுகிறேன், பங்களா மெத்தைகளுக்கு அப்புறம் அல்ல, அதற்கு முன்னால். நீ நாளைக்கு வந்தாலும் படுக்கலாம். எப்போது வருவாய் என்று தெரியாமல் இதையெல்லாம் செய்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, காலையில் எழும்போதே இன்றைக்கு என்று ஒரு எண்ணம் வருகிறது, சாயங்காலம் பஸ் போன பிறகு சரி நாளைக்கு என்று ஆகிறது, வருத்தமாக இல்லை. உன் அம்மா முறுக்குக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டாள், கேட்டால் உபதேசியாருக்கு என்கிறாள், அவருக்கு முன்பல் இரண்டும் இல்லை என்பது உனக்கே தெரியும்.

அங்கே மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும், காதை மூடி ஒரு மப்ளர் கட்டிக்கொள், பட்டறையில் நெருப்புப் பக்கம் நின்றுவிட்டு உடனே வெளிக்காற்றில் போகாதே. வாரம் ஒரு நாளாவது தலைக்கு நல்லெண்ணெய் வை. கோவில் பாஷை புரியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை தூங்காதே, போய் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும். உன்னைத் தாயின் கர்ப்பத்திலிருந்து அறிந்திருக்கிறவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. அம்மாவின் முத்தங்கள், நேசத்தின் அன்பும் பிள்ளையின் அன்பும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. கவரில் கனமாக இருப்பதைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. சனிக்கிழமை உன் பெட்டியைத் தென்காசியில் ரஹ்மத் பாய் கடைக்குக் கொண்டுபோய், மூடியைத் திறக்காமலே புதுக் கொண்டி வைத்துப் புதுப் பூட்டு போட்டேன். இரண்டு சாவி கொடுத்தார், ஒண்ணை நீங்க வச்சுக்கிடுங்க, தொலைஞ்சா உதவும் என்றார், வேண்டாம் பாய், ரெண்டும் அவன்கிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டும் இதில் இருக்கின்றன. பெட்டி உன் கட்டிலின் கீழே பூட்டியபடி இருக்கிறது. நீ சாவி கொண்டுவருகிறவரைக்கும் இந்தத் தடவை பொறுத்திருப்பேன்.

உன் வரவை நோக்கியிருக்கும்,
அப்பா
அருமைநாயகம்